தாழ்மையும் ஒரு டபுள் பில்லும்

டிஸ்கி: யாரையும் புண்படுத்த இதை எழுதலை. இதுல அடி வாங்கப்போற முக்கியமான ஆள் நானேதான். கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு, ஆணி கம்மியா இருக்கறப்போ படிங்க.

எங்க சி.எஸ்.ஐ. சபையில டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை பதினொரு மணிக்கு ஆரம்பிக்கும். பன்னிரண்டு அடிக்கறதுக்கு முன்னாடி சாட்சி நேரம். சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டு அந்த சாட்சியோட டெம்ப்ளேட் எனக்கு மனப்பாடம். முதல்ல "தகுதியே இல்லாத அற்பமான என்னை". அடுத்தது "ஆண்டவர் கண்ணோக்கிப் பார்த்தார்". மூணாவது வரியிலேர்ந்து வேளச்சேரியில பிளாட், பையனுக்கு மெடிக்கல் சீட், பொண்ணுக்கு கனடா விசா. கடைசியில மகிமை எல்லாம் அவருக்கேன்னு முடிச்சுட்டு மைக்கை அடுத்தவர்கிட்ட கொடுக்கணும். ஒரு வருஷம் அந்த அடுத்தவர் "அண்ணனை விட அற்பமான என்னை"ன்னு ஆரம்பிச்சதை என் காதாலயே கேட்டேன். சத்தியமா. அற்பத்துலயும் போட்டி :-)

கிண்டல் பண்றது சுலபம். நன்றி சொல்றது தப்புன்னு நான் சொல்ல வரலை. அந்த பிளாட் வாங்கினவர் முப்பது வருஷம் வாடகை வீட்ல இருந்து, தண்ணி லாரி பின்னாடி குடத்தோட ஓடினவர். அவர் கண்ணு கலங்கினா அது நடிப்பு இல்லை. என் பிரச்சனை வேற. தாழ்மைங்கறது நம்மகிட்ட ஒரு பேச்சு நடையா ஆயிடுச்சு. ஸ்கூல் லீவ் லெட்டர்ல "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்"னு எழுதுவோமே, அந்த மாதிரி. அதை எழுதினதால எவனும் கீழ்ப்படிஞ்சதா எனக்கு ஞாபகம் இல்லை.

லூக்கா 18-ல வர்ற பரிசேயன், ஆயக்காரன் கதை எல்லாருக்கும் தெரியும். சண்டே ஸ்கூல்ல நான் ஆயக்காரனா நடிச்சு, மாரில் அடிச்சுக்கிட்டு அழுது, ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கேன். (தாழ்மைக்கு முதல் பரிசு!) ரொம்ப நாளா அந்தப் பரிசேயனை 'எல்லாம் என் சாமர்த்தியம்'னு கடவுள்கிட்டயே மார்தட்டறவன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். 2024 லெந்து நாள்ல திரும்பப் படிச்சப்போதான் கவனிச்சேன், அவன் அப்படிச் சொல்லவே இல்லை. அவன் ஜெபம் நன்றியிலதான் ஆரம்பிக்குது. தான் அநியாயக்காரனா, விபசாரக்காரனா இல்லாததுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்றான். வாரத்துக்கு ரெண்டு நாள் உபவாசம், வருமானத்துல பத்துல ஒண்ணு காணிக்கை. இதெல்லாம் பொய்னு கதையில எங்கயும் இல்லை. நம்ம டிசம்பர் 31 மைக்ல அவன் பேசியிருந்தா நாம அல்லேலூயா சொல்லியிருப்போம்.

அப்போ கோளாறு எங்க? நிக்கறது கடவுள் முன்னாடி, கண்ணு இருக்கறது பின்னாடி தூரத்துல நிக்கற ஆயக்காரன் மேல. நன்றிக்குள்ளயே ஒரு ஒப்பீடு ஒளிஞ்சிருக்கு. 'என்னைக் காப்பாத்தினீரே'ன்னு ஒருத்தன் மைக்ல சொன்னா, காப்பாத்தப்படாத ஒருத்தர் எங்கயோ ஒரு பெஞ்சுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பார். இதை நான் தியரியாச் சொல்லலை. அந்த பெஞ்சுல உட்கார்ந்தவரே என்கிட்ட சொன்னார். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நடுவுல ஒரு புலம்பல். தாழ்மைப் பிரசங்கத்தை நாம யாருக்கு அதிகமாப் பண்றோம்னு பாருங்க. மருமகளுக்கு, வாலிபப் பசங்களுக்கு, கோயிலைக் கூட்டி மணி அடிக்கிறவருக்கு. "கொஞ்சம் தாழ்மை வேணும்ப்பா"ன்னா அர்த்தம் "கேள்வி கேட்காத". டயசிஸ் எலெக்‌ஷன்ல நிக்கறவங்களைப் பார்த்து இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிலிப்பியர் 2-ல பவுல் எழுதறது அப்படியே தலைகீழ். ஜெயில்ல இருந்துக்கிட்டு எழுதறார், அதுல இறங்கி வர்றவர் எல்லாருக்கும் மேல இருந்தவர். கீழ இருக்கறவனை இன்னும் கீழ போகச் சொல்ல அந்த அதிகாரத்தை எடுக்கறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். சரி, விடுங்க. மேட்டருக்கு வருவோம்.

ஆறாம் நூற்றாண்டுல இத்தாலியில பெனடிக்ட்னு ஒரு துறவி தன்னோட மடத்துக்கு ஒரு விதிநூல் எழுதினார். (நான் சி.எஸ்.ஐ.தான். ஆனாலும் நல்லது எங்க கிடைச்சாலும் சுட்டுக்கறதுல எனக்கு வெட்கம் இல்லை.) அதோட ஏழாவது அதிகாரம் முழுக்க தாழ்மை பத்தித்தான், பன்னிரண்டு படியா பிரிச்சிருக்கார். இதுல என்னை உலுக்கினது படிகளோட வரிசை. முதல் படி, கடவுள் எந்த நேரமும் பார்த்துக்கிட்டு இருக்கார்ங்கறதை மறக்காம இருக்கறது. தலையைக் குனிஞ்சு, பார்வையைத் தரையில வெச்சு நடக்கறது பன்னிரண்டாவது, கடைசிப் படி. நாம நேரா பன்னிரண்டாவது மாடிக்கு லிஃப்ட்ல போயிடறோம். ஏழாவது படி இன்னும் கில்லாடி. எல்லாரையும் விட நான் தாழ்ந்தவன்னு வாயால சொன்னா மட்டும் பத்தாது, உள்ளுக்குள்ள அதை நம்பணுமாம். ஆக, வாயால மட்டும் சொல்ற கூட்டம் அந்தக் காலத்துலயே இருந்திருக்கு!

அஞ்சாவது படியிலதான் நான் வசமா மாட்டினேன். மனசுல வர்ற கெட்ட எண்ணத்தையும், யாருக்கும் தெரியாம செஞ்ச தப்பையும் மடத்துத் தலைவர்கிட்ட மறைக்காம சொல்லணும். 'நான் ஒரு பாவி'ன்னு மொத்தமா சொன்னா செல்லாது. எதைச் செஞ்சேனோ அதைச் சொல்லணும்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனையில எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்றோம். முட்டி போட்டு, ஒரே குரல்ல. எனக்கு அது மனப்பாடம். மனப்பாடம்ங்கறதால அதைச் சொல்லிக்கிட்டே மத்தியானம் பிரியாணியா, வீட்டுச் சாப்பாடான்னு யோசிக்க முடியுது. 'நான் பாவி'ன்னு சொல்றதுல எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பக்கத்துல இருக்கறவரும் அதையேதான் சொல்றார், எதிர்ல அங்கி போட்டு நிக்கற ஐயரும் அதையேதான் சொல்றார். கூட்டத்தோட கோவிந்தா. ஆனா '2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி நான் ஒரு பொய் சொன்னேன்'னு தனியா, தேதி போட்டுச் சொல்ல நாக்கு எழும்பலை.

நியாயமா ஒரு கேள்வி வரும். அந்த ஆயக்காரனும் 'பாவி'ன்னு பொதுவாத்தானே சொன்னான், லிஸ்டா படிச்சான்? வாஸ்தவம். கடவுளுக்கு நாம தகவல் கொடுக்கத் தேவையில்லை, மொத்த லாகும் அவர்கிட்ட இருக்கு. ஆனா லூக்கா அடுத்த அதிகாரத்துலயே இன்னொரு ஆயக்காரனைக் கொண்டு வர்றார். எரிகோ ஊர் சகேயு. அவன் வாயிலேர்ந்து வர்றதெல்லாம் கணக்கு. சொத்துல பாதி ஏழைங்களுக்கு, யார்கிட்டயாவது ஏமாத்தி வாங்கியிருந்தா நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கறேன். ஒரு அதிகாரத்துல நெஞ்சுல அடிச்சுக்கறான், அடுத்த அதிகாரத்துல பர்ஸைத் திறக்கறான். ரெண்டு பேரும் வேற வேற ஆள்தான். இருந்தாலும் லூக்கா சும்மா பக்கத்துல பக்கத்துல வெச்சிருப்பார்னு எனக்குத் தோணலை. நான் முதல் ஆயக்காரனோட வசனத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, ரெண்டாவது ஆளைக் காட்டத்தி மரத்துலயே விட்டுட்டு வந்தவன். மொத்த லாகையும் மறைச்சுட்டு 'சில குறைகள் உள்ளன'ன்னு சம்மரி மட்டும் மேல அனுப்பறோமே, அந்த மாதிரி.

பொட்டி தட்டற நமக்கெல்லாம் டொனால்ட் கனூத் பேரைக் கேட்டா கை தானாக் கும்பிடும். 'த ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' எழுதினவர், 1974-ல டூரிங் விருது வாங்கினவர். லூத்தரன் சபைக்காரர். பைபிள்ல ஒவ்வொரு புத்தகத்துலயும் மூணாவது அதிகாரம் பதினாறாவது வசனத்தை எடுத்து ஆராய்ஞ்சு 1991-ல ஒரு புத்தகமே போட்டிருக்கார். அவர் புத்தகத்துல ஒரு தப்பு கண்டுபிடிச்சா 2.56 டாலர் பரிசு. ஏன் 2.56? 256 சென்ட், பதினாறு பெருக்கல் பதினாறு, பதினாறடிமான கணக்குல ஒரு டாலர்னு ஒரு குறும்பு. முன்னாடி நிஜ செக்கே அனுப்புவார். செக் மோசடிப் பிரச்சனையால 2008-ல அதை நிறுத்திட்டு, இல்லாத ஒரு பேங்க் பேர்ல சான்றிதழ் அனுப்ப ஆரம்பிச்சார். வாங்கினவன் அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்குவான். இதெல்லாம் பல பேருக்குத் தெரியும். எனக்கு இதை விடப் பெருசாத் தெரியறது, 1989-ல அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை. டெக் மென்பொருளை எழுதினப்போ தான் பண்ணின தப்புகளை ஒரு நோட்டுல வரிசையா எழுதி வெச்சிருந்தார். 800-க்கும் மேல. அதை வகை பிரிச்சு, எது கவனக்குறைவு, எது அடிப்படையையே தப்பா புரிஞ்சுக்கிட்டதுன்னு பேர் வெச்சு, மொத்தத்தையும் அச்சுல போட்டுட்டார்.

அவர் இதைத் தாழ்மைன்னு சொல்லிக்கலை, நான்தான் சொல்றேன். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சின்னப் பையன்'ங்கற ரகம் இல்லை அவர். தன் வேலை எவ்வளவு பெருசுன்னு அவருக்கே தெரியும். தெரிஞ்சவர்தான் இன்ன இடத்துல, இன்ன தப்பு, என்னோடதுன்னு எழுதறார். எனக்கு இது அப்படியே தலைகீழ். 'அற்பமான என்னை'ன்னு சொல்ல வாய் கூசாது, 'அந்த வரியை எழுதினது நான்'னு சொல்லணும்னா தொண்டை அடைச்சுக்கும்.

இனிமே கொசுவர்த்தி சுத்தறேன்.

2023 ஆகஸ்ட்ல எங்க டீம்ல பில்லிங் புரோகிராம் ஒண்ணுல நான் ஒரு மாற்றம் பண்ணினேன். பணம் எடுக்கறப்போ நெட்வொர்க் அறுந்தா மறுபடி முயற்சி பண்ற பகுதி. என் கோடை ரிவ்யூ பண்ணினவர் எனக்கு நாலு வருஷம் சீனியர், நாகர்கோவில்காரர், எங்க சபைக்கே வர்றவர். எனக்கு சபையைக் காட்டினதே அவர்தான். "மக்கா, முதல் தடவை பணம் போயிட்டு, பதில் மட்டும் வராம இருந்தா என்ன ஆகும்? டெஸ்ட் பண்ணிட்டியா?"ன்னு என் டேபிள் பக்கத்துல நின்னு கேட்டார். "பண்ணிட்டேண்ணே"ன்னேன். பண்ணலை. சாயங்காலம் பண்ணிக்கலாம்னு இருந்தேன். அவர் அப்ரூவ் கொடுத்துட்டார். சாயங்காலம் வேற ஆணி வந்துச்சு, மறந்தே போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு சனிக்கிழமை ராத்திரி, அவர் கேட்ட அதே நிலைமை வந்துச்சு. பல கஸ்டமர்கிட்ட ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் எடுத்துடுச்சு. கண்டுபிடிச்சு நிறுத்தவே நாலு மணி நேரம். பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு, ஆனா திங்கட்கிழமை ரூம் ஃபுல்லா பெரிய தலைங்க. எங்க டேமேஜர் கேட்டது ஒரே கேள்வி. "கோடு எழுதினவன் ஜூனியர், விடுங்க. சீனியர் ரிவ்யூல இது எப்படித் தப்பிச்சுது?"

பொய் வாயால சொன்னது, அதனால எந்த லாகுலயும் இல்லை. எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். நான் டேபிளைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தலை குனிஞ்சு, பார்வை தரையில. பன்னிரண்டாவது படி! அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் "கவனிச்சிருக்கணும், மிஸ் ஆயிடுச்சு"ன்னார். ரிப்போர்ட்ல 'சோதனையில் ஒரு நிலை விடுபட்டது'ன்னு எழுதினாங்க. யார் விட்டதுன்னு இல்லாத வாக்கியம்.

நவம்பர்ல ஆள் குறைப்பு. லிஸ்ட்ல அண்ணன் இருந்தார், நான் இல்லை. அந்த பில்லாலதான் அவர் பேர் வந்துச்சுன்னு சொல்ல முடியாது, இருநூறு காரணம் இருந்திருக்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

டிசம்பர் 31 ராத்திரி மைக் என் கைக்கு வந்துச்சு. டெம்ப்ளேட் ரெடியா இருந்துச்சே. தகுதியில்லாத என்னை, சுத்தி எத்தனையோ பேருக்கு வேலை போனப்போ, ஆண்டவர் செட்டையால மூடிப் பாதுகாத்தார். மூணாவது பெஞ்சுல அண்ணன், அண்ணி, அவங்க மடியில தூங்கிட்டிருந்த குட்டிப் பாப்பா. அவர் அங்க இருக்கார்னு தெரிஞ்சுதான் பேசினேன். கொடுமை என்னன்னா, பேசறப்போ எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துச்சு. தாழ்மையா இருக்கேன்னு முழு மனசா நம்பினேன். ஆராதனை முடிஞ்சு அண்ணி கை கொடுத்து "ஹேப்பி நியூ இயர் தம்பி"ன்னாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு லெந்துல அந்தப் பரிசேயன் நன்றி சொல்றதைப் படிச்சப்போ அது என் குரல்லயே கேட்டுச்சு. அதுக்கு அப்புறமும் ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப் போட்டேன். ராத்திரி ஜெபத்துல கடவுள்கிட்ட விலாவாரியா சொல்லிப் பார்த்தேன். மனசு லேசாகும்னு சொல்வாங்களே, ஆகலை. அவர்கிட்ட சொல்றது அண்ணன்கிட்ட சொல்றதுக்கு ரிகர்சல் மாதிரித்தான் இருந்துச்சு. அவர் முன்னாடி தாழ்ந்து நிக்கறேன்னு சொல்லிட்டு, அண்ணன் முன்னாடி மட்டும் நிமிர்ந்தே இருக்க முடியுமான்னு பார்த்தேன். முடியலை.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மேடவாக்கத்துல ஒரு டீக்கடையில சந்திச்சோம். அவருக்குச் சின்னக் கம்பெனி ஒண்ணுல வேலை கிடைச்சிருந்துச்சு, சம்பளம் முன்னை விடக் கம்மி. சுத்தி வளைக்காம சொல்லிடணும்னு போயிட்டு, இருபது நிமிஷம் ஐபிஎல் பேசினேன். அப்புறம் சொன்னேன். தேதி, கிழமை, என்ன கேட்டீங்க, என்ன சொன்னேன், எல்லாம்.

"டெஸ்ட் பண்ணலைன்னு பில் டபுளா போன அன்னைக்கே தெரியும் மக்கா"ன்னார்.

"அப்புறம் ஏண்ணே அன்னைக்கு ரூம்ல சொல்லலை?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவரே, "வேலை போனது கூடப் பெருசில்ல. நீ மைக்ல பேசுனல்லா, அன்னைக்குத்தான். வீட்டுக்குப் போற வழியில இவ கேக்கா, 'அப்போ நம்மள ஏன் பாதுகாக்கலை?'ன்னு. என்னத்தச் சொல்ல?"

அந்த டேமேஜருக்கும் ஒரு மெயில் போட்டேன். நடந்ததை நாலு வரியில எழுதி, அண்ணன் கேட்டதையும் நான் பொய் சொன்னதையும் போட்டு. ஒரு வாரம் கழிச்சு ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு: "நோட்டட்". அந்த வருஷ அப்ரைசல்ல எனக்கு ஒரு படி குறைஞ்சுது. மெயிலாலதானான்னு தெரியாது, அண்ணன் வேலை போனது பில்லாலதானான்னு தெரியாத மாதிரியே. அண்ணனுக்கு இதனால ஒண்ணும் திரும்பக் கிடைக்கலை. நாலு மடங்கு என்ன, ஒரு மடங்கு கூட என்னால கொடுக்க முடியலை. சகேயு கேஸ் பணம், எண்ணி வெச்சுடலாம். என் கேஸ்ல எண்ணி வெக்க என்ன இருக்குன்னு இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்.

டீக்கடையிலேர்ந்து கிளம்பறப்போ, "அண்ணே, டிசம்பர் 31 அன்னைக்கு மைக்ல இதையும் சொல்லிடறேன்"னேன். பைக்கை ஸ்டார்ட் பண்ணப் போனவர் நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம் மக்கா. அங்க போய் இதையும் ஒரு சாட்சி ஆக்கிராத."

ஊர் பேர் கம்பெனி பேர் இல்லாம எழுதிக்கறேன்னு இதுக்கு அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். சிரிச்சார். சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. அவர் சொந்த ஊர் மட்டும் இருக்கட்டும், நாகர்கோவில்ல ஆயிரம் பேர் இந்த வேலை பார்க்கறாங்க.